மலைக்கோட்டைக்குப் போன ஓலை

பழைய அறபு நகரங்கள் – 9: கெய்ரோ

1283ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கெய்ரோ நகரத்துக்கு ஒரு தூதுக்குழு வந்து சேர்ந்தது. அவர்கள் கொண்டுவந்த தங்கப் பேழைக்குள் ஒரு கடிதம் இருந்தது. மரப்பட்டை போன்ற ஒன்றில் எழுதி, மரப்பட்டை போன்ற ஒன்றால் சுற்றியிருந்தார்கள் என்று அறபு வரலாற்றாசிரியர்கள் குறித்துவைத்தார்கள். ஏட்டோலையைக் கண்டறியாதவர்களுக்கு அது மரப்பட்டையாகத்தான் தெரிந்திருக்கும். வெனிஸ் வணிகரும் யேமன் வணிகரும் வந்துபோகிற அந்தப் பெருநகரத்தில் அதை வாசிக்க ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில், தூதுக்குழுவின் தலைவரே ஓலையில் இருந்ததை வாய்மொழியாக எடுத்துச் சொன்னார்.

அனுப்பியவர் யாப்பகூவாவைத் தலைநகராகக் கொண்டு இலங்கையை ஆண்ட முதலாம் புவனேகபாகு. பெற்றுக்கொண்டவர் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூன். இலங்கைக்கும் ஓர் அறபு நகரத்துக்கும் இடையே நடந்த பழைய அரசுத் தொடர்புகளில் இவ்வளவு விவரமாகப் பதிவானது வேறில்லை என்றே சொல்லலாம்.

தூதர் சொன்னதன் சாரம் இது. மன்னரிடம் முத்தும் மணியும் அளவில்லாமல் இருக்கின்றன. கப்பல், யானை, துணி, மரம், கறுவா என்று வணிகர் தேடிவரும் பொருளெல்லாம் உண்டு. நாட்டில் 27 கோட்டைகள், அவற்றின் களஞ்சியங்கள் நிறைய இரத்தினங்கள். முத்துக்குளிக்கும் துறைகளும் அவர் வசமே. யேமன் அரசரின் தூதர் ஒருவர் வந்து உறவு கேட்டபோது, சுல்தான்மேல் வைத்த அன்பால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆண்டுதோறும் 20 கப்பல்களைச் சித்தப்படுத்தி அனுப்பவும் தயார். எகிப்து வேறு, இலங்கை வேறு என்று இனி எண்ண வேண்டாம்.

உபசார வார்த்தைகளுக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்து சமுத்திரத்து வாசனைப் பொருள்கள் மத்திய தரைக்கடலுக்குப் போக அன்று முக்கியமான வாசல் ஏடன். ஏடன் துறைமுகத்தின் சுங்கவரியால் செழித்தவர்கள் யேமனை ஆண்ட ரசூலிய சுல்தான்கள். இந்தப் பக்கம் பார்த்தால் முத்தும் குதிரையும் கைமாறும் காயல்பட்டினம் பாண்டியர் கையில். இரண்டு பக்கமும் இடையில் நின்று வாங்கி விற்பவர்களைத் தாண்டி, வாங்குகிறவரிடமே நேரே போய்ப் பேச முயன்றார் யாப்பகூவா மன்னர். தூதுக்குழு போன வழியும் அதற்குப் பொருந்துகிறது. செங்கடல் பக்கம் போகாமல் அவர்கள் ஹோர்மூஸில் இறங்கி, நதிவழியே பாக்தாத் சேர்ந்து, அங்கிருந்து கெய்ரோவை அடைந்தார்கள். அந்தப் பாக்தாத், சென்ற இதழில் நாம் பார்த்த மங்கோலியப் பேரழிவு நடந்து இருபத்தைந்து ஆண்டே ஆன பாக்தாத்.

கலாவூன் தூதர்களை மதிப்போடு நடத்தி, மறுமொழியும் கொடுத்தனுப்பினார். சில ஆண்டுகளுக்குப் பின்னர், 1288இல், இந்தியா, சீனம், சிந்து, யேமன் வணிகர்களைத் தன் நாட்டுக்கு அழைத்து, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உறுதியளிக்கும் ஆணை ஒன்றை வெளியிட்டார். ஓலையை எழுதிய மன்னருக்கோ அவ்வளவு காலம் வாய்க்கவில்லை. புவனேகபாகு மறைந்த பிறகு பாண்டியரின் படைத்தலைவராக வந்த ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவாவைக் கைப்பற்றினார். புனித தந்தம் பாண்டிநாட்டுக்குப் போயிற்று. செங்குத்தான கற்படிகளும் அவற்றின் மேல் காவலிருக்கும் சிங்கங்களும் மட்டும் யாப்பகூவாவில் மிஞ்சின.

கெய்ரோவுக்குப் போகும் நம்மவரில் பலர் கீஸாவில் பிரமிடுகளைப் பார்த்து, ஒட்டகத்தின்மேல் படம் எடுத்து, கடைத்தெருவில் சாமான் வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். பிரமிடுகள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இலங்கையின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிற கெய்ரோ, நைல் நதியின் கிழக்குக் கரையில், பழைய மதில்களுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

தொடங்க வேண்டிய இடம் மலைக்கோட்டை. முகத்தம் குன்றின் ஒரு கிளையில், 1176இல் ஸலாஹுத்தீன் ஐயூபி கட்டத் தொடங்கியது. அதன்பின் 1874இல் கெதீவ் இஸ்மாயில் ஆப்தீன் மாளிகைக்குக் குடிபோகும்வரை எகிப்தை ஆண்டவர்களின் இருப்பிடம் பெரும்பாலும் இதுதான். தூரத்திலிருந்து கண்ணில் படும் பெரிய குவிமாடமும் ஊசிபோன்ற இரண்டு மினாராக்களும் முகம்மது அலி பாஷாவின் பள்ளிவாசல். 1830இல் தொடங்கிய இந்தக் கட்டடம் இஸ்தான்புல் பாணியிலானது; கோட்டைக்குள் இருப்பவற்றில் இளையது. உல்லாசப் பயணிகளின் கூட்டம் அதற்குள்தான் நிற்கும்.

அதன் பக்கத்திலேயே, கூட்டமில்லாமல் இருப்பது அந்நாஸிர் முகம்மதின் பள்ளிவாசல். அவர் கலாவூனின் மகன். 1318இல் கட்டி, 1335இல் விரித்துக் கட்டிய இந்தப் பள்ளிவாசலின் தூண்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பழைய எகிப்தியக் கோயில்களிலிருந்தும் உரோமர் காலக் கட்டடங்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் எடுத்துவந்து நிறுத்தியவை. உயரம் போதாத தூணுக்கு அடியில் கல் வைத்து எடுத்திருக்கிறார்கள். மினாராக்களின் உச்சியில் பச்சை நிற ஓடு பதித்திருக்கிறது. சற்றுத் தள்ளி, பாறையைக் குடைந்து இறங்கும் யூசுப் கிணறு, ஏறத்தாழ 87 மீற்றர் ஆழம். ஸலாஹுத்தீனின் சொந்தப் பெயர் யூசுப். கிணற்றைச் சுற்றிச் சுருளாக இறங்கும் சரிவுப் பாதையில் மாடுகளை நடுவழித் தட்டுவரை இறக்கி, அங்கே ஒரு கவலையும் மேலே ஒரு கவலையுமாக இரண்டு கட்டங்களில் நீர் இறைத்தார்கள்.

கோட்டையின் மேற்கு ஓரத்தில் நின்றால் சுல்தான் ஹஸன் பள்ளிவாசல் காலடியில் தெரியும். 1356இல் தொடங்கிய மாபெரும் கட்டடம். கொள்ளைநோயில் குடும்பம் குடும்பமாக மாண்டவர்களின் சொத்து அரசின் கைக்கு வந்த காலம் அது. கட்டி முடிக்குமுன்னே, 1361இல், ஒரு மினாரா சரிந்து விழுந்து கீழே ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். கெட்ட சகுனம் என்று ஊர் பேசியது. சில மாதங்களுக்குள் சுல்தான் கொலையுண்டார்.

மலைக்கோட்டையிலிருந்து இறங்கி, வடக்கே போய், ஃபுதூஹ் வாசலிலிருந்து தெற்கு நோக்கி நடக்க வேண்டும். முயிஸ் தெரு. 969இல் பாத்திமிய தளபதி ஜவ்ஹர் கெய்ரோவுக்குக் கால்கோள் இட்டபோது வகுத்த நடுத்தெரு இது. ஃபுதூஹ் வாசலிலிருந்து ஸுவைலா வாசல்வரை ஒரு கிலோமீற்றர்தான். நேராக நடந்தால் கால்மணி நேரம். ஒழுங்காகப் பார்ப்பதானால் ஒரு பகல் போதாது. வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிர்த்து, காலையிலேயே போய்விடுவது நல்லது. பெண்கள் தலைக்கு ஒரு முக்காடு வைத்திருந்தால் எந்தப் பள்ளிவாசலிலும் தடையில்லை.

ஃபுதூஹ் வாசலும் அடுத்துள்ள நஸ்ர் வாசலும் 1087இல் ஆர்மீனியரான பத்ர் அல்-ஜமாலி என்ற அமைச்சர் கட்டியவை. நஸ்ர் வாசலின் கோபுரங்களில் பிரெஞ்சுப் பெயர்கள் செதுக்கியிருப்பதைக் காணலாம். நெப்போலியனின் படை தங்கியபோது தம் அதிகாரிகளின் பெயரை அவற்றுக்குச் சூட்டினார்கள்.

வாசலைக் கடந்தவுடன் இடதுபுறம் வெள்ளை வெளேரென்ற முற்றம். ஹாகிம் பள்ளிவாசல். 990இல் தொடங்கி 1013இல் முடிந்தது. பிற்காலத்தில் பாழடைந்து, சிறையாகவும் களஞ்சியமாகவும் பாடசாலையாகவும் பயன்பட்டது. இன்றைய பளிங்குப் பொலிவை அதற்குக் கொடுத்தவர்கள் தாவூதி போரா மக்கள். அவர்களுடைய தலைவர் ஸய்யிதினா முகம்மது புர்ஹானுத்தீனின் முயற்சியால் 1980இல் அது புதுப்பிக்கப்பட்டது. பழைமையைக் காப்பதில் அக்கறையுள்ளவர்களில் சிலர், இவ்வளவு புதுசாக்கியிருக்க வேண்டாம் என்று குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் தொழுகை நின்றுபோயிருந்த ஓர் ஆயிரமாண்டுப் பள்ளிவாசலில் மீண்டும் ஆட்கள் வந்து தொழுகிறார்கள் என்பதை அதைவிடப் பெரிதாகவே எண்ணத் தோன்றுகிறது.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்குப் போராக்கள் அந்நியரல்லர். 19ஆம் நூற்றாண்டில் குஜராத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை வைத்தவர்கள். பம்பலப்பிட்டியில் அவர்களுடைய பள்ளிவாசலைக் காலி வீதியில் போகிற எல்லோரும் கண்டிருப்பார்கள். 2019 செப்டெம்பரில் அவர்களுடைய முஹர்ரம் பேருரைகள் கொழும்பிலேயே நடந்தபோது பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து நகரை நிறைத்தார்கள். தங்கள் இமாம்கள் பாத்திமியக் கலீபாக்களாக இருந்து ஆண்ட நகரம் என்பதால் போராக்களுக்குக் கெய்ரோ தலைமுறைகளாக நெஞ்சில் இருக்கும் ஊர்.

இன்னும் தெற்கே நடந்தால் அக்மர் பள்ளிவாசல். 1125. சின்னது, வேகமாகப் போகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். அதன் முகப்பு தெருவின் கோட்டோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே தொழுமிடமோ கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை முகப்புச் சுவரின் தடிப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். தெருவின் ஒழுங்குக்காக இப்படி முகப்பைத் திருப்பிக்கொண்ட பள்ளிவாசல் கெய்ரோவில் இதற்குமுன் இல்லை. வாசலுக்கு மேலே சிப்பியைப் போல விரியும் கல் வேலைப்பாட்டின் நடுவில் முகம்மது, அலி என்ற பெயர்கள் பின்னிக் கிடக்கின்றன.

தெரு இரண்டாகப் பிரியுமிடத்தில் அப்துர் ரஹ்மான் கத்குதாவின் தண்ணீர்ப்பந்தல் நிற்கிறது. 1744இல் கட்டியது. கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேலே அநாதைப் பிள்ளைகளுக்கு ஓதற்பள்ளி.

இதற்குப் பின் வருவதுதான் பைனல் கஸ்ரைன், இரண்டு மாளிகைகளுக்கு நடு என்று பெயர் பெற்ற இடம். பாத்திமியரின் கிழக்கு மாளிகையும் மேற்கு மாளிகையும் எதிரெதிரே இருந்த வெளி. இந்தப் பகுதியில் 1911இல் பிறந்த நகீப் மஹ்ஃபூஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், தம் நாவலொன்றுக்கு இந்த இடத்தின் பெயரையே வைத்தார். மேற்கு மாளிகை இருந்த நிலத்தில்தான் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் மத்ரஸாவும் அவருடைய அடக்கத்தலமும் ஒரே தொகுதியாக எழுந்தன. வேலை நடந்தது 1284இலும் 1285இலும். தங்கப் பேழையோடு யாப்பகூவாத் தூதர்கள் வந்துபோன அடுத்த ஆண்டு!

கலாவூன் கிப்சாக் துருக்கியர், அடிமையாக விலைபோனவர். ஆயிரம் தீனார் கொடுத்து வாங்கியதால் ‘அல்ஃபி’, ஆயிரத்தார், என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. சுல்தானாவதற்கு முன் ஒருமுறை டமாஸ்கஸில் கடும் வயிற்றுவலியால் விழுந்தபோது, அங்கே நூருத்தீன் கட்டிய மருத்துவமனையின் மருந்து அவரைக் காப்பாற்றியதாம். அரசனானால் கெய்ரோவில் இப்படியொன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் மக்ரீஸி.

நேர்ச்சை நிறைவேறியது. ஏறத்தாழ 13 மாதங்களில் முழுத் தொகுதியும் முடிந்தது. ஆனால் எப்படி? தெருவில் போகிறவர்களை மறித்துக் கல் சுமக்கவைத்தார்கள். அதனாலேயே ஆலிம்கள் சிலர் அங்கே தொழ மறுத்தார்கள். அதையும் மக்ரீஸியே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தின் அழகைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அழகு என்றால் சாதாரண அழகல்ல. அடக்கத்தலத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் எடுக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தெளியும். நான்கு தடித்த சதுரத் தூண்கள், அவற்றோடு மாறி நிற்கும் நான்கு செங்கருங்கல் தூண்கள். அந்தக் கருங்கல் பழைய எகிப்தியர் வெட்டியது. சுவரின் கீழ்ப்பாதியில் பல நிறப் பளிங்குத் துண்டுகளும் சிப்பியும் சேர்த்துப் பதித்த கோலங்கள். மிஹ்ராப் வளைவு குதிரை இலாடத்தின் வடிவம். மேலே சுதைவேலைச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சம் பளிங்கில் மெல்ல நகரும். குவிமாடம் மட்டும் பழையதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னங்கள் பாதுகாப்புக் குழு மீண்டும் கட்டியது.

மருத்துவமனையின் கட்டடத்தில் மிச்சமிருப்பது கொஞ்சம். ஆனால் அதன் வக்ஃபு ஆவணம் தப்பியது. ஏழை, செல்வர், ஆண், பெண், அடிமை, சுதந்திரர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்பது அதிலுள்ள ஏற்பாடு. காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் அறுவை வைத்தியத்துக்கும் வெவ்வேறு கூடங்கள். 1326இல் கெய்ரோவுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இதன் சிறப்பை வருணித்து முடியாது என்று விட்டுவிட்டார். இன்றும் அந்த வளாகத்தில் கண் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நோயாளர் வந்து போகிறார்கள்.

அதே இப்னு பதூதா 1344இல் இலங்கையில் கரையிறங்கினார். புத்தளத்தில் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்று, பாவா ஆதம் மலை ஏறி, தெவிநுவர, காலி வழியாகக் கொழும்புக்கு வந்தார். அந்த அரசர் பாரசீகம் புரிந்துகொள்வார் என்று எழுதியிருக்கிறார். கெய்ரோவில் ஓலையை வாசிக்க ஆளில்லாமல் போன காலத்துக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள்.

கலாவூன் தொகுதிக்குத் தென்கிழக்கே கான் அல்-கலீலி. கொழும்பு வாசகருக்குப் புறக்கோட்டையின் குறுக்குத்தெருக்களை நினைவூட்டும் நெருக்கம். செம்புச் சாமான்காரர் ஒரு பக்கம், வாசனைத் திரவியம் ஒரு பக்கம். அங்காடியைத் தாண்டினால் 970இல் கட்டத் தொடங்கிய அஸ்ஹர். அதன் முற்றத்தைச் சுற்றியுள்ள ‘ரிவாக்’ எனும் கூடங்களில் சிரியர், மொரோக்கர், ஜாவாக்காரர் என்று நாட்டுக்கு நாடு மாணவர் தங்கிப் படித்தார்கள். அங்கே படித்து வந்த இலங்கை ஆலிம்கள் பெயருக்குப் பின்னால் ‘அஸ்ஹரி’ என்று போட்டுக்கொள்வதை நாம் அறிவோம்.

தெருவின் கடைசியில் ஸுவைலா வாசல். 1092. அதன் இரு கோபுரங்களின் மேல் நிற்கும் மினாராக்கள் பக்கத்திலுள்ள முஅய்யத் பள்ளிவாசலுக்குரியவை. அந்தச் சுல்தான் அரசனாகுமுன் அதே இடத்திலிருந்த சிறையில் பேனும் தெள்ளும் கடிக்கக் கிடந்தவர். பதவிக்கு வந்தால் சிறையை இடித்துப் பள்ளிவாசல் கட்டுவேன் என்றார், கட்டினார். 1517இல் எகிப்தைப் பிடித்த உதுமானியர் கடைசி மம்லூக் சுல்தான் தூமான்பாயைத் தூக்கிலிட்டதும் இதே வாசலில். மினாராவின் மேல் ஏறலாம். படிகள் ஒடுக்கம், மூச்சு வாங்கும், ஆனால் நடந்துவந்த தெரு முழுவதும் கீழே ஒரே பார்வையில் விரியும்.

நம் மொழியில் கெய்ரோ ஒரு கதையின் களமானது 1885இல். கண்டியில் பிறந்த புரொக்டர் முகம்மது காசிம் சித்திலெப்பை அந்த ஆண்டில் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்ளும் நூல். அதன் நாயகன் பிறப்பது எகிப்தில்; குழந்தையிலேயே கடத்தப்பட்டுப் பம்பாய்க்கு வந்து, கல்கத்தாவில் படித்து, ஈற்றில் பெற்றோரைக் கெய்ரோவில் கண்டடைகிறான். யாழ்ப்பாணமோ கண்டியோ கொழும்போ அல்லாமல், ஈழத்தின் முதல் நாவல் கெய்ரோவைச் சுற்றி எழுந்தது ஏன்?

அதற்கான விடை கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது.

1881 செப்டெம்பர் 9ஆம் திகதி, கெய்ரோவின் ஆப்தீன் மாளிகைச் சதுக்கத்தில், அஹ்மத் ஒராபி என்ற படையதிகாரி பட்டாளத்தோடு வந்து கெதீவ் தௌஃபீக்கின் முன் நின்றார். கிராமத்துக் குடியானவர் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அஸ்ஹரில் ஓதியவர். அமைச்சரவையை நீக்க வேண்டும், மக்கள் சபை வேண்டும், படையைப் பெருக்க வேண்டும் என்பன அவர் கேட்டவை. எகிப்து எகிப்தியருக்கே என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. சுயஸ் கால்வாயின் மேல் கண்வைத்திருந்த பிரித்தானியா 1882 யூலையில் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தகர்த்தது. செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் அல்-கபீரில் ஒராபியின் படை தோற்றது. மறுநாள் பிரித்தானியக் குதிரைப்படை கெய்ரோவில். மலைக்கோட்டையும் அவர்கள் கையில்.

மரணதண்டனை விதித்து, அதை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றினார்கள். ஒராபியும் ஆறு தோழர்களும் குடும்பங்களோடு சுயஸில் ‘மரியோட்டிஸ்’ கப்பலில் ஏறி, 1883 சனவரி 10ஆம் திகதி கொழும்பை அடைந்தார்கள். அவர்களைப் பார்க்கக் கரையில் பெருங்கூட்டம். சித்திலெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை வழியாக எகிப்தின் சேதிகளைத் தமிழில் வாசித்துவந்தவர்களுக்கு அந்த எழுவரும் அறிமுகமான பெயர்களாக இருந்தார்கள். கதையில் வரும் பாஷாக்களும் பேக்களும் இரண்டாண்டாகக் கொழும்புத் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தபோதுதான் ‘அசன்பே’ அச்சேறினான்.

அந்த எழுவரில் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி. 1882இன் முற்பகுதியில் எகிப்தின் பிரதமர். நவீன அறபுக் கவிதைக்குப் புத்துயிர் ஊட்டியவர் என்று அறபுலகம் கொண்டாடும் கவிஞர். ‘ஸரந்தீப்’ என்ற நம் தீவின் பெயர் அவருடைய கவிதைகளில் ஏக்கத்தோடு வருகிறது. மனைவி இறந்த செய்தி அவருக்கு இங்கேதான் எட்டியது. கண்பார்வை மங்கிய நிலையில் 1899இல் நாடு திரும்பினார். மூவருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் இறந்தார். மஹ்மூத் ஃபஹ்மி 1894இலும் யஃகூப் ஸாமி 1900இலும் கண்டியில் இறந்தார்கள். மூவரும் இந்த மண்ணிலேயே அடங்கினார்கள்.

ஒராபி இலங்கையில் இருந்தது பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும் என்று சித்திலெப்பை ஊரூராகப் போய்ப் பேசியபோது பாஷாவின் ஆதரவு அவருக்குப் பெரும்பலம். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் தொடங்கிய மத்ரஸாதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி. சித்திலெப்பையோடு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்புச்சி மரைக்காரும் அதற்குத் தோள்கொடுத்தார்கள். பாஷாக்களின் சிவப்புத் துருக்கித் தொப்பியும் இங்கே பரவியது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் நின்றதைப் பிரதம நீதியரசர் ஆட்சேபித்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் மாபெரும் கூட்டம் கூட்டும் அளவுக்கு அது பெரிய வழக்காயிற்று.

1901இல் ஒராபிக்கு மன்னிப்புக் கிடைத்தது. கெய்ரோ அவரைக் கொண்டாடவில்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகள், ஆங்கிலேயரை உள்ளே விட்டவர் என்று அவரையே பழித்தார்கள். 1911இல் காலமாகும்வரை அந்தப் பழி நீங்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இன்று ஆப்தீன் மாளிகை அருங்காட்சியகம். எகிப்தியப் பாடநூல்களில் ஒராபி வீரர். கண்டி ஹல்லொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு 1983 முதல் ஒராபி பாஷா பண்பாட்டு நிலையம்; கெய்ரோவுக்குப் புறப்படுமுன் ஒருமுறை அங்கே போய்வருவது பயன் தரும்.

ஒராபியைக் கொண்டுவந்த அதே கடல்வழியில்தான் அடுத்த எழுபது ஆண்டுகளும் நம்மவர் மேற்கே போனார்கள். கொழும்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பல் ஏடனைத் தாண்டிக் கால்வாய்க்குள் நுழையும். பணவசதியுள்ள பயணிகள் சுயஸில் இறங்கி, கெய்ரோவை அவசரமாகப் பார்த்து, கால்வாயைக் கடந்து வரும் கப்பலைப் போர்ட் ஸையிதில் பிடித்துவிடுவார்கள். கடல்வழியோடு ஆகாய வழியும் சேர்ந்தது: 1935 நவம்பரில் இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1960களின் இறுதியில் கட்டுநாயக்கா அந்த வேலையை ஏற்கும்வரை, ஆகாயமார்க்கமாக வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப உறவினர் திரண்டு நின்றது இரத்மலானையில்தான்.

அந்தக் காலத்தில் எகிப்தைப் பார்த்துவந்து தமிழில் எழுதியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். ஒராபியின் கண்முன் தொடங்கிய ஸாஹிராவுக்கு 1948 முதல் 1961 வரை அதிபராக இருந்தவரும் அவரே. அவருடைய எகிப்துப் பயண நூல் 1967இல் வெளிவந்தது; அதற்கு அவர் இட்ட பெயர் ‘மிஸ்ரின் வசியம்’. கெய்ரோவுக்குப் போகிற தமிழ் வாசகர் ஆங்கில வழிகாட்டி நூலோடு இதையும் பையில் வைத்துக்கொள்ளலாம்.

(அடுத்த இதழில்: டமாஸ்கஸ். கலாவூனின் வயிற்றுவலியை ஆற்றிய நூருத்தீன் மருத்துவமனையும் உமையாக்களின் பெரிய பள்ளிவாசலும்.)